தொல்லை பூஜ்யம் என்று நான் எழுதிக் கொடுத்த படிவம்

அனுப்புநர்
லிப்ட் பழுதுபார்ப்பவர்,
(புறநோயாளிச் சீட்டு எண் 4417-க்கு உரியவரின் கணவர்)

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: பதற்ற நோய்க்கான மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் நான் அளித்த தவறான பதிலை நீக்கவும், என் மனைவிக்கு ஒத்துக்கொண்ட மாத்திரையைத் தொடர்ந்து வழங்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மருந்தக ஜன்னலில் இம்மாதம் 3-ஆம் தேதி ஒட்டப்பட்ட சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

இது புகார் மனுதான். ஆனால் புகாருக்கு உள்ளாகும் முதல் ஆள் நானே என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக லிப்ட் பழுதுபார்த்து வருகிறேன். என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். நான் ஏறி நிற்கும் லிப்டின் ரோப் அறுந்துவிடும் என்பது அவருடைய பயம். அது ஓய்ந்தால் அணைக்காத அடுப்பு, அதுவும் ஓய்ந்தால் மகள் போகும் பேருந்து. ஒரு நாளைக்குப் பதினான்கு முறை எனக்குப் போன் செய்வார். "ஏங்க, ரோப் நல்லா இருக்கா? சும்மாதான் கேட்டேன்" என்பார். சும்மா இல்லை என்பது குரலிலேயே தெரியும். உடன் வேலை பார்ப்பவர்கள் அவருக்குத் 'தலைமை ஆய்வாளர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2. தங்கள் மனநலப் பிரிவு மருத்துவர் இது குணப்படுத்தக்கூடிய நோய் என்று விளக்கி, வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி, மாத்திரையும் எழுதினார். "எல்லாருக்கும் ஒரே மாத்திரை ஒத்துக்காதுங்க. கொஞ்சம் பொறுத்துதான் பார்க்கணும். வீட்ல கவனிச்சு எழுதிட்டு வாங்க" என்றார். எழுதி வைப்பது எனக்குத் தொழில் பழக்கம். ஒவ்வொரு லிப்டுக்கும் பதிவேடு வைப்பதுபோல ஒரு நோட்டுப் போட்டு, அன்றாடம் வந்த போன்களை எண்ணி எழுதினேன்.

3. முதல் மாத்திரை வெள்ளை. எட்டு வாரம் சாப்பிட்டும் குமட்டல்தான் மிச்சம். பதினான்கு போன் பதின்மூன்று ஆயிற்று. அடுத்தது மஞ்சள். நான்காம் நாளே ஐந்து, பத்தாம் நாள் பூஜ்யம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தொழிலில் புகார் வராத லிப்ட்தான் நல்ல லிப்ட். எந்த மாத்திரை நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க மருந்தகத்தில் படிவம் கொடுத்தது அந்த வாரத்தில்தான். மஞ்சளுக்கு நேராக "தொல்லை: பூஜ்யம். மிகவும் திருப்தி" என்று எழுதி, அடிக்கோடும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

4. ஐயா, அபாய மணி கெட்டுப்போன லிப்டிலிருந்தும் புகார் வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டதை வீட்டுக்குள் மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கடை முதலாளி போன் செய்தார். "அக்கா கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறாங்க, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். சாணைச் சக்கரத்தில் கட்டைவிரல் கிழிந்திருந்தது. தங்கள் மருத்துவமனையில்தான் மூன்று தையல் போட்டார்கள். தையல் போடும்போது என் மனைவி என்னிடம், "உங்களுக்காகப் பயப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லைங்க" என்றார். நான் மாடிப்படிப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

5. மூன்றாவது மாத்திரை ரோஸ் நிறம். முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடியது. மருத்துவர் சொன்னபடி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம். ஆறாம் வாரம் போன் மூன்று. பத்தாம் வாரத்திலிருந்து ஒன்றே ஒன்று, பகல் பன்னிரண்டரைக்கு. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார், ரோப் பேச்சே இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பராமரிக்கும் கட்டடத்துக்கு வந்து, கல்யாணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக என்னோடு லிப்டில் ஒன்பதாம் மாடிக்கு ஏறினார். நான்காம் மாடி வரை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

6. இந்நிலையில், ஒப்பீட்டின்படி மஞ்சள் மாத்திரைக்கே தொல்லை குறைவு என்பதால் அடுத்த மாதம் முதல் அது ஒன்றே வழங்கப்படும் என்று சுற்றறிக்கை கூறுகிறது. ஜன்னலில் இருக்கும் மருந்தாளுநர் மேல் எனக்குக் குறை இல்லை. "மேலிடத்து முடிவுங்க, நான் என்ன பண்றது" என்று அவரும் வருந்தினார். மஞ்சள் மேலும் குறை இல்லை. எங்களோடு வரிசையில் உட்காரும் ஒரு தபால்காரருக்கு அதுதான் மறுவாழ்வு கொடுத்தது. அவரிடமிருந்து அதைப் பிடுங்கிவிட வேண்டாம். ஆனால் அந்த ஒப்பீட்டில் என் பூஜ்யமும் சேர்ந்திருக்கிறது என்பது என் நெஞ்சை அறுக்கிறது.

7. சுற்றறிக்கையைப் படித்த என் மனைவி, என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தார். சனிக்கிழமை மாத்திரை டப்பாவைத் திறந்தால் எல்லாம் பாதிப் பாதியாக இருந்தன. லென்ஸ் வெட்டும் கை, ஒரு துகள் சிந்தவில்லை. "இன்னும் கொஞ்ச நாளைக்கு வருமில்ல. நீங்க அலையக்கூடாதுன்னுதான்" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை. அன்று போன் நான்கு, திங்கட்கிழமை ஏழு. ஏழையும் எடுத்துப் பேசினேன். விஷயத்தைச் சொன்னதும் மருத்துவர் உடனே மறுபடி முழு மாத்திரைக்கு மாற்றிவிட்டார். இப்போது ஆறு நாளைக்கு மட்டுமே இருக்கிறது.

ஆகவே, என் படிவத்தை ஒப்பீட்டிலிருந்து நீக்குமாறும், இந்த ஆறு நாளுக்குள் ரோஸ் மாத்திரை அவருக்குக் கிடைக்க ஆணையிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். இனி அச்சிடும் படிவத்தில் கணவனைக் கேட்பதற்கு முன் நோயாளியைக் கேட்குமாறும், அவர் விழித்திருக்கிறாரா என்று ஒரு வரி சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் நோட்டையும் மருத்துவரின் சீட்டு நகலையும் இணைத்துள்ளேன்.

நோட்டைப் பார்வையிடும்போது ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். பன்னிரண்டரை மணி போனை நோய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது எனக்கு வேண்டும்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
4417-க்கு உரியவரின் கணவர்

நாள்: 14, செவ்வாய்க்கிழமை
இடம்: ஒன்பதாம் மாடிக்கு மேல், லிப்ட் இயந்திர அறை