அடிமையை மணந்தவளின் சட்டம்

பிரியமுள்ள நிவேதிதா,

என் நாடகம் மேடையேறப் போகிறது! நாடு கற்பனைதான். ஆனால் அதன் அடிமைச் சட்டம், நம் கல்யாணத்தன்று உன் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னது: கீழ்ச்சாதி அடிமையை மணந்தவளும் அடிமை; அவனை விட்டு வந்தால் விடுதலை. அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

நேற்று டோபி காட் அரங்கில் ஒத்திகை. அடிமையின் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்ட காட்சி. அவளாக நடிக்கும் நம் மகள் பாதியில் வசனத்தை நிறுத்தினாள்.

“அப்பா, இவன் போய் ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடலை லா. அதுக்கும் சட்டத்துல தடையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்படி ஒரு தடையை நான் எழுதவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து, அவன் அவளைக் கூப்பிடப் போவதாகக் காட்சியை மாற்றினேன். கை ஓயவில்லை, நிவேதிதா!

ஞாயிறு மாலை தெம்பனிசில் உன் அப்பா வீட்டுக்கு வருகிறேன். உன் அப்பாவே கதவைத் திறந்தாலும் வருகிறேன்.

இன்னும்
உன் கணவன்