நாற்றங்கால் மேல் கூண்டு

மார்ச் 4
பெரியப்பா வேலியோரம் நின்று என் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாகம் பிரித்தபோது சரளை நிலத்தை என் தலையில் கட்டிவிட்டு, "படிச்சவன்தானே, படிப்பப் போட்டு விளைய வை" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவர். ஒன்றரை வருடமாக, அடித்தட்டு இல்லாத சக்கரக் கூண்டில் முப்பது கோழிகள். தினமும் காலையில் ஒரு கூண்டு நீளம் தள்ளுவேன். கிளறும், எச்சமிடும். இப்போது மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. பார்க்கட்டும். வயிறு எரியட்டும்.

மார்ச் 6
கேட்டேவிட்டார். "தக்காளி வெதைக்கப்போற நாத்தங்கால்ல உன் கோழிய கொஞ்ச நாள் விடேன்டா." ஒரே இடத்தில் எத்தனை நாள் விடலாம் என்று அவருக்குத் தெரியாது.
"விட்டாப் போச்சு பெரியப்பா" என்றேன்.

மார்ச் 7
கூண்டு போயாயிற்று. நகர்த்த மாட்டேன். பத்து நாள் பச்சை எச்சம் ஒரே பாத்தியில் விழுந்தால், அதிலுள்ள நைட்ரஜன் பிறகு விதைக்கிற விதையின் முளையைச் சுட்டுவிடும். அவருடைய இந்தப் போகத்து நாற்று மொத்தமும் அந்த ஒரு பாத்தியில்தான் முளைக்க வேண்டும். விஷமா வைத்தேன்? கேட்டதைத்தானே கொடுக்கிறேன்.

மார்ச் 11
"கூண்ட நகத்த வேணாமாடா? நாத்தம் குடலப் புடுங்குது."
"நாறினாத்தான் சத்து பெரியப்பா."
நம்பிவிட்டார். தீனி, தண்ணீர் எல்லாம் அவரே வைக்கிறார். சம்பளமில்லாத வேலையாள்.

மார்ச் 13
மழை. அந்தப் பக்கமே போகவில்லை.

மார்ச் 16
"டேய், கோழியெல்லாம் சுருண்டு உக்காந்திருக்குடா" என்று வாசலில் வந்து நின்றார். ஓடினேன். ரத்தக் கழிச்சல். நாலு செத்துக் கிடந்தன. ஈரத்தில் தங்கள் எச்சத்தையே கிளறித் தின்றிருக்கின்றன. தினமும் தள்ளுவது மண்ணுக்காக மட்டுமா — கோழிக்காகவும்தானே? முதல் வருடப் பாடம். புத்தி எங்கடா போச்சு உனக்கு?

மார்ச் 17
இன்னும் ஏழு செத்தன. மருந்து கலந்து வைத்தாயிற்று. கோழி மிதிக்காத காய்ந்த தரைக்கு உடனே மாற்றச் சொல்கிறார் கால்நடை டாக்டர். என் நிலத்தில் கோழி மிதிக்காத இடம் ஒரு சாண் கிடையாது. இருப்பது அவருடைய மேட்டுத் துண்டு. அன்று சிரித்த அந்த வாயிடம் போய்க் கேட்பதா? நானா?

மார்ச் 18
கேட்டேன். வேலிக் கதவைத் திறந்துவிட்டார். மேட்டில் கூண்டுச் சக்கரம் ஏறவில்லை. ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம்.
"நாத்தங்கால்ல நாளைக்கு வெதைக்கலாமாடா?"
"வேணாம். கருகிடும். ரெண்டு மாசம் ஆறணும்."
நாலு எட்டு நடந்தார்.
"மொதல்லயே தெரியுமா?"
"தெரியும்."
தன் பக்கத்தை அவர் கீழே விடவில்லை.