உன் உள்ளங்கால் மச்சம்

பினாங்கு,
ஞாயிறு காலை

அன்பு மகள் பிரமிளாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், நீ நேரத்துக்குப் பசியாறி, குளிருக்குக் கெட்டியாக உடுத்தி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். இதென்ன புதிதாகக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் பேசினால் நான் அழுவேன், நீ பரவாயில்லைமா என்பாய், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். தபாலில் போட்டால் அயர்லாந்து வந்து சேர நாளாகும், அதனால் உன் தம்பி ஹரீஷிடம் கொடுத்து வாட்சாப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். அவன் படித்துவிட்டு என்னைத் திட்டினால் திட்டட்டும்.

தைப்பூசத்துக்கு அப்பா பால்குடம் எடுத்து வெறுங்காலோடு மலையேறினார் அல்லவா, வந்ததிலிருந்து அவர் உள்ளங்கால் மச்சம் கசிந்துகொண்டே இருந்தது. ரோட்டுச் சூடாக இருக்கும், கல் குத்தியிருக்கும் என்று நான்தான் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். அது முன்னைவிட அகலமாகி, ஓரம் கோணி, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் பழுப்புமாக இருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் பேசாமல் இருந்தேன். கடைசியில் ஹரீஷ்தான் விடாப்பிடியாகக் கூட்டிப்போனான். டாக்டர் நோர்மா நன்றாகத் தமிழ் பேசுகிற பிள்ளை, சுண்ணாம்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இதும்மேல எதையும் பூசிச் சுடக்கூடாதுலா அம்மா, முழுசா வெட்டி எடுத்து லேப்புக்கு அனுப்புனாத்தான் என்னான்னு தெரியும், கரிச்சிட்டா நாங்க எதப் பார்க்கிறது என்று கேட்டார்.

நீ பயப்படாதே, அப்பாவுக்கு வலியே இல்லை. மரத்துப்போக ஊசி போடும்போது மட்டும் சுரீரென்றதாம், பிறகு படுத்துக்கொண்டே டாக்டரிடம் நம் வீட்டு ரம்புத்தான் மரத்தைப் பற்றிக் கதையளந்திருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிச் சொல்லவே மறந்துவிட்டார், ஹரீஷ்தான் எடுத்துச் சொன்னான். உள்ளங்கால் ஆனதால் தையல் ஆற நாளாகிறது, குதிகாலை ஊன்றி ஊன்றி நடக்கிறார், தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பை கட்டிக் குளிக்கிறார். லேப்பிலிருந்து பதில் வந்துவிட்டது, அது புற்றுதான். இன்னும் ஆழமாக இறங்கவில்லையாம், சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் நல்லபடியாக வரும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கும் அதே காலில் அதே இடத்தில் இருக்கிறதே என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான், உள்ளங்கால் மச்சக்காரி கடல் தாண்டுவாள் என்று சொந்தக்காரர்கள் வந்தால் உன் காலைத் தூக்கிக் காட்டியவள். போன மாதம் நீ, அது பெரிசா ஆன மாதிரி இருக்குமா, இங்கே டாக்டர் எடுத்துப் பார்க்கலாம்னு சொல்றாங்க என்றபோது, நிரந்தர விசா வருகிற நேரத்தில் அதில் கத்தி வைக்காதே, உன் ராசியே அதுதான் என்று கத்தினேன். படித்த பிள்ளை, அம்மாவுக்காக அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிட்டாய். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை கண்ணு. உன்னைக் கடல் தாண்ட வைத்தது உன் படிப்பு, மச்சமில்லை. அம்மாவை மன்னித்துவிடு.

நாளைக்கே அந்தக் கிளினிக்குக்குப் போன் போடு. அப்பாவுக்கு வந்ததை மறைக்காமல் சொல். ஷேவ் பண்ணி விடுகிறேன், லேசரில் சுட்டு விடுகிறேன் என்று அழகு நிலையத்தில் யாராவது சொன்னால் காலைக் காட்டாதே. எடுத்ததை லேப்புக்கு அனுப்புவார்களா என்று கேட்டுக்கொள், பதில் வராவிட்டால் நல்ல சேதிதான் என்று சும்மா இருக்காமல் நீயே கூப்பிட்டுக் கேள். தழும்பு இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளங்காலை யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். எம் மவளுக்கும் இதே எடத்துல இருக்கு டாக்டர், அதான் வெளிநாட்டுல இருக்கா என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, காட்டியாச்சா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் உன்னைத் தடுத்தது அப்பாவுக்குத் தெரியாது. அங்கேயே எடுத்தாச்சு டாக்டர், ஒண்ணுமில்லையாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார். அடுத்த தடவை வெட்டப் போகும்போது டாக்டர் மறுபடியும் கேட்பார். நான் சொன்ன பொய்யை நீதான் உண்மையாக்க வேண்டும் மகளே.

முருகன் உன் கூடவே இருப்பான். போன் போட மறக்காதே.

உன் கால் நலமாக இருக்க வேண்டும் என்று இரவும் பகலும் கும்பிடும்
அம்மா லெட்சுமி அய்யாக்கண்ணு