இல்லாத ஐந்தாம் மாடி

இன்று காலை மழை விட்டதும் கீழே இறங்கினேன். வாசல் கேற்றடியில் கணுக்கால் அளவு தண்ணீர். யாரோ சோற்றுப் பார்சல் தின்றுவிட்டுப் போட்ட, சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட் ஒன்று, பருப்பின் மஞ்சளோடு வந்து என் செருப்பில் ஒட்டிக்கொண்டது. எங்கள் கட்டடத்திலேயே இருந்த உம்முடைய நினைவு வந்தது. வேறு யாருடைய நினைவு வரும்?

வெள்ளவத்தைக் கடைகள் எல்லாவற்றிலும் உம்மையும் உம்முடைய சாப்பாட்டுக் கரியரையும் தெரியும். "லஞ்ச் சீட் எப்பா, மல்லி" என்று சிங்களத்தில் வேண்டாமென்று சொல்லிக் கரியரை நீட்டுவீர். நான் பார்சலும் கையுமாக, உம்மைத் தெரியாதவள் போல் தள்ளி நிற்பேன்.

"உம்மட சீட் ஒருநாள் உம்மட வாசலுக்கே வரும், பாரும்" என்பீர். வந்துவிட்டது.

ஒழுங்கையின் கழிவுநீர்க் கான் லஞ்ச் சீட்டுகளால் அடைத்து, கீழ் வீடுகளுக்குள் அழுக்குத் தண்ணீர் புகுந்த வருடம், அதைத் துப்புரவாக்கச் சொல்லி மாநகரசபைக்கு மனு ஒன்றை எழுதிக்கொண்டு நீர் வீடு வீடாக ஏறினீர். பெயர், வீட்டு இலக்கம், கையொப்பம். யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுக்குப் பெயர் கொடுத்துக் கொடுத்தே பயந்துபோன கை என்னுடையது. நான் இருப்பதோ நாலாம் மாடி. அந்தக் காலத்தில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு 'நாலாம் மாடி' என்றால் பொலிஸ் விசாரணைக்குக் கொண்டுபோகும் இடம். ஐந்தாம் மாடி என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியே இல்லை.

சரிபார்க்க வந்த அதிகாரி மூச்சு வாங்க ஏறிப்போய், மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கியைக் கண்டுவிட்டு இறங்கினார். பொய் விலாசம் என்று படிக்கட்டில் வைத்தே மனுவை உம்மிடம் திருப்பித் தந்தார். என் கையெழுத்து உமக்கு நன்றாகத் தெரியும். என்றாலும் பிழை உம்முடையது என்றே அவரிடம் சொன்னீர். நான் என் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை நீர் போனபோது பாதிப்பேர் கதவே திறக்கவில்லை. கான் அப்படியே கிடந்தது.

பிறகு படிக்கட்டில் கண்டால், "என்ன, அஞ்சாம் மாடிக்கோ?" என்பீர். நானும் சிரிப்பேன். மன்னிப்புக் கேட்க எத்தனை படிக்கட்டுச் சந்திப்புகள்! உம்மைப் பொரளை மயானத்துக்குக் கொண்டுபோன நாள்வரை சிரித்தே சமாளித்தேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று பின்னேரம் புது மனுவோடு நானே இறங்கினேன். முதல் வரியில் என் பெயர், நாலாம் மாடி. மற்றக் கையில் உம்முடைய மகள் தந்த கரியர். உம்முடைய வீட்டில் இப்போது இருக்கும் பெண் பேனையை வாங்கிவிட்டு யோசித்தாள்.

"பிரச்சினை ஒண்டும் வராதோ, அன்ரி?"

"வந்தா முதல் என்னட்டத்தான் வரும், பிள்ளை. என்ர பேர்தான் மேல கிடக்கு."

பிறகு ஐந்தாம் மாடிக் கதையை ஒன்றும் ஒளிக்காமல் அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். உம்மிடம் சொல்லியிருக்க வேண்டியதை, உம்முடைய வாசலிலேயே நின்று, மனுவில் எழுதியபோதுதான் பெயர் தெரிந்துகொண்ட ஒருத்தியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.