திரையை விலக்கிப் பாருங்கள்

மெம்பிஸ்,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த பிறகு

மரியாதைக்குரிய மொட்டைத் தலை அண்ணன் டெவ்ரோ அவர்களுக்கு,

உன் தங்கை ஜொலீஸ் எழுதுவது. கடற்படைப் பயிற்சியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால், என் கோழிக் கிறுக்கலைப் படிக்கும் தண்டனையும் உனக்குச் சேர்ந்துவிட்டது. தலைதான் மொட்டை, இது மொட்டைக் கடிதம் இல்லை. கீழே தைரியமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மா நலம். லாரி கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போனாலும், வேளை தவறாமல் எனக்குத் திட்டு கிடைக்கிறது. உனக்கு எழுதும்போது மட்டும் எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதுகிறாள். உண்மை தெரிந்தால் நீ பயிற்சியை விட்டுவிட்டு ஓடிவருவாயாம். அதனால் உன்னிடம் சொல்லவே கூடாது என்றாள். சரி, சொல்கிறேன்.

அம்மாவின் போன் குரல் உனக்குத் தெரியும். வீட்டிலும் லாரி டிரைவர்களிடமும் பேசும் குரல் வேறு. தெரியாதவர்களிடம் போனில் எடுக்கும் குரல் வேறு. ஐஸ் டீ மாதிரி குளிர்ந்து, இனித்து, பெரிய வீட்டு வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி வந்துவிடுவாள். நம் தெருவில் எந்த அம்மாவிடம்தான் அது இல்லை? அதே குரலில் ஒருநாள் நான் உன் பள்ளிக்குப் போன் செய்து உனக்கு ஜுரம் என்று லீவு வாங்கித் தந்தேன். நீ இன்னும் நன்றி சொல்லவில்லை.

விமான நிலையத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில், எந்த லாரி எங்கே போவது என்று போனில் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். அம்மா இத்தனை வருஷமாகச் செய்த அதே வேலை. மேனேஜர் கார்வெல் போனிலேயே வெகுநேரம் பேசி, சிரித்து, வேலை உங்களுக்குத்தான், செவ்வாய்க்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். அம்மா இந்த வெயிலில் ஈஸ்டருக்குப் போடும் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டாள். நானும் போனேன். நம் காரில் டிரைவர் பக்கத்துக் கதவு இப்போது உள்ளிருந்து திறப்பதில்லை. வெளியே இறங்கித் திறந்துவிட ஓர் உத்தியோகஸ்தர் தேவை.

நான் காரிலேயே இருந்தேன். என் சோடாவில் ஐஸ் கரைவதற்குள் அம்மா திரும்பி வந்துவிட்டாள். கார்வெல் முன்னறைக்கு வந்தாராம். நீங்களா ஷர்லீன் திக்பென் என்று இரண்டு தடவை கேட்டாராம். பிறகு, காலையில்தான் வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்றாராம். போனில் நம் கறுப்புத் தோல் தெரியாது, பார் அண்ணா.

அம்மா கம்மலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். காரைக் கிளப்பவில்லை. அவள் கத்தினால் எனக்குப் பழக்கம். கத்தாமல் உட்கார்ந்திருந்தது தாங்கவில்லை. போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, சீமாட்டிக் குரலில் அந்தக் கம்பெனிக்கே அடித்தேன். என் பெயர் வின்ஸ்லோ, அந்த வேலை இன்னும் காலியா என்று கேட்டேன். கார்வெல்தான் பேசினார்.

"இருக்கு மேடம். காலைலேர்ந்து சரியான ஆளே யாரும் வரல. உங்கள மாதிரி ஒருத்தரத்தான் தேடிட்டிருக்கோம்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அறைதான் விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்தேன். அம்மா போனை வாங்கினாள். போன் குரல் இல்லை. டிரைவர்களை அதட்டும் அவள் சொந்தக் குரல்.

"கார்வெல் சார், நான் ஷர்லீன் திக்பென். உங்க வாசல்லதான் இருக்கேன். அந்தத் திரைய விலக்கிப் பாருங்க, கை ஆட்டுறேன்."

ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அம்மா இறங்கி, கொதிக்கிற தார்த்தரையில் நின்று, ராணி மாதிரி கை ஆட்டினாள். ஜன்னல் திரை இரண்டு விரல் அளவுக்கு விலகியது. டீசல் போட்டுக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர், என்ன விஷயம் என்றே தெரியாமல் பதிலுக்குக் கை ஆட்டினார்.

கார்வெல் வெளியே ஓடிவந்தார். ஏதோ குழப்பம், உள்ளே வாருங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்.

"குழப்பமே இல்ல சார். ரொம்பத் தெளிவாத்தான் பேசினீங்க" என்றாள் அம்மா.

அங்கிருந்து நேராக, வேலையில் நிறம் பார்ப்பவர்கள் மேல் புகார் வாங்கும் அரசு அலுவலகத்துக்குப் போனோம். நான் சாட்சி. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பெரியவர் நான் சொன்னதை எல்லாம் நம்பி எழுதிக்கொண்டார். முடிய மாதக்கணக்கில் ஆகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்றார். ஆகிற வரைக்கும் வருவேன் என்றாள் அம்மா.

இப்போது வேலை கேட்டுப் போன் செய்யும்போது அம்மா சீமாட்டியைக் கூப்பிடுவதில்லை. தன் குரலிலேயே பேசுகிறாள். 'பிறகு சொல்கிறோம்' என்று நிறையப் பேர் வைத்துவிட்டார்கள். ஓர் இடத்தில் மட்டும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே கோட்டுதான், துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம்.

உனக்கு ஒரே வேண்டுகோள். பாதியில் விட்டுவிட்டு வந்துவிடாதே. உன் அறையில் நான் குடியேறிவிட்டேன், அதற்காகச் சொல்லவில்லை. கர்த்தர் உன் காலுக்கும் முதுகுக்கும் பலம் தரட்டும். கடைசி நாள் அணிவகுப்பில் நிமிர்ந்து நட. நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்தில் இருப்போம். அந்தக் காரில் அவ்வளவு தூரம் எப்படி வந்தோம் என்று மட்டும் கேட்காதே.

நீ இல்லாதது நிம்மதியாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லித் திரியும் தங்கை,
ஜொலீஸ் திக்பென்