பாதி வழியில் மறையும் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்
வெள்ளிக்கிழமை எனக்குப் பிடித்த இசைக்குழுவின் புது ஆல்பம் வருகிறது. ஆறு வருடம் காத்திருந்தாயிற்று. மைத்துனன் இப்போதே போனில் குதிக்கிறான். "மாமா, இந்தத் தடவை முழுக்க விண்வெளில மிதக்கிற மாதிரி இசையாம். ஹெட்போன் இல்லாம கேட்டுடாதீங்க!" கல்யாண வயதில் இருப்பவன் பேசுகிற பேச்சா இது? நானும்தான் என்ன, தலை நரைத்த பிறகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்
எழுந்ததுமே இடது காது அடைத்திருந்தது. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்துப் பார்த்தேன். வேலைக்குப் போய், பல் செட் செய்யும் லேபில் பீங்கான் பல்லைத் தேய்க்கும்போது மெஷின் எங்கோ அடுத்த அறையில் ஓடுவதுபோல் இருந்தது. பக்கத்து மேசைக்காரர் பலமுறை கூப்பிட்டாராம். "என்னய்யா, நம்ம மேல கோவமா?"

மாலையில் காது டாக்டரம்மா. பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இடது காதுக்கு வந்தபோது என் விரலுக்கு வேலையே இல்லை. காது நரம்பில் கோளாறாம்.

"ஏன் டாக்டர் இப்படி?"

"பல பேருக்குக் காரணமே தெரியறதில்லங்க. மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க. திரும்பி வரலாம். வராமலும் போகலாம்."

வராமலும்.

மார்ச் 7, வெள்ளி
ஆல்பம் வந்துவிட்டது. கேட்கவில்லை.

மார்ச் 8, சனி
கேட்டேன். அடியில் நீளமாக ஒரு முழக்கம். அதன்மேல் சின்னச் சின்னதாக ஏதோ மினுங்குகிறது. மூன்றாவது பாட்டில் வலது காதுக்குப் பின்னால் ஒன்று கிளம்பியது. உச்சந்தலை வரை வந்தது. வந்து — இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி வலப்பக்கமே முளைத்தது. நடுவில் எங்கே போயிற்று? என் தலையின் அந்தப் பாதியில்தான் சுற்றியிருக்கும். அங்கே எனக்குக் கேட்பது ஓயாத ஒரு கீச் சத்தம் மட்டும்.

மைத்துனன் கூப்பிட்டான். "மூணாவது பாட்டு! தலையச் சுத்திச் சுத்தி வருதுல்ல மாமா?"

"ஆமாடா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 12, புதன்
மனைவிக்கு இந்த மாதிரி இசை ஆகவே ஆகாது. இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடது இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் செருகிக்கொண்டாள். "உங்களுக்கு வராதத நான் சொல்றேன். போடுங்க."

"இப்ப யாரோ பாத்திரத்த இழுக்குறாங்க… தண்ணித் தொட்டி நிரம்புது… ஒரு பெரிய வண்டு. இல்லல்ல, அந்த வண்டு கனவு காணுது."

வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்
செவிப்பறை வழியாக ஊசி. கட்டிலோடு அறை சுழன்றது. மருந்து உள்ளே நிற்க வேண்டுமாம், ஒருக்களித்துப் படுத்து எச்சில்கூட விழுங்கக் கூடாதாம். வாய் நிறைய எச்சிலோடு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மார்ச் 26, புதன்
இன்னொரு ஊசி. ஒன்றுமில்லை.

மார்ச் 30, ஞாயிறு
போன் அடித்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. ஒற்றைக் காதுக்குத் திசையே கிடையாது போல. தலையணை, மெத்தை, அலமாரி — ஓய்ந்து ஓய்ந்து மறுபடி அடிக்கிறது. மனைவி வந்து பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"போனக் காணோம்."

"அதுக்கா அழுவாங்க?"

ஏப்ரல் 4, வெள்ளி
மறுபடி பட்டன். மறுபடி சும்மா கிடந்த விரல். "இதுக்கு மேல குடுக்க மருந்து இல்லங்க. பழகிக்கத்தான் வேணும்."

மைத்துனனிடம் போனில் உண்மையைச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்து, இரண்டு பக்கச் சத்தமும் ஒரே காதில் சேர்ந்து வரும்படி போனில் மாற்றிக் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமலே செய்தான்.

கேட்டேன். எல்லாம் இருக்கிறது. எதுவும் நகரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தானாகவே கேட்டாள். "அந்தச் சுத்துற பாட்டப் போடுங்களேன். முழுசா கேட்டுப் பாக்குறேன்."

இரண்டு இயர்போனையும் கொடுத்தேன். மைத்துனன் செய்த மாற்றத்தை அணைத்துவிட்டுப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் பாதி மடித்த சட்டை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் முகம் மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. நிமிர்ந்தது. இடப்பக்கம் சாய்ந்து, அங்கேயே நின்றது.

"இப்ப எங்க இருக்கு?" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. பாட்டு முடியும் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.