அண்ணியும் நானும் இருபது மீட்டரும்

மார்ச் 3
மூச்சடக்கி ஆழத்தில் இறங்கும் வகுப்பு. முதல் நாள், நீச்சல் குளத்தில். அண்ணியிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். காப்பாற்றினார். அண்ணி, அதாவது இவருடைய அக்கா, தன் பங்குக்கு இதே சத்தியத்தை வாங்கியிருக்கிறார். அதையும் காப்பாற்றியிருக்கிறார், உத்தமர்! உடை மாற்றும் அறையில் ரப்பர் உடை இடுப்போடு சிக்கிக்கொண்டு ஒருவர் குதித்துக்கொண்டிருந்தார். திரும்பினால், அண்ணி.

கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால் "இவளுக்கு மூச்சு விடாம பேசத்தான் தெரியும்" என்றவர். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. முதலில் பேசுகிறவர் தோற்றவர்.

மார்ச் 5
தனியாக யாரும் மூழ்கக் கூடாதாம். ஒருவர் இறங்கினால் ஜோடி மேலே காவல். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். வேறென்ன, தலையெழுத்து.

மேலே வந்து மயங்கினால் ஜோடி செய்ய வேண்டியவை: கன்னத்தில் தட்டணும், முகத்தில் ஊதணும், பேசணும். தட்டுவதை அண்ணி ஆசையாகச் செய்வார். பேசுவதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.

மார்ச் 9
ஆழத்தில் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக் காற்றை உள்ளே தள்ளினால் திறக்கும். வேலை பார்க்கும் கால் சென்டரில் உட்கார்ந்து பழகினேன், மேனேஜர் குனிந்து ஏதோ சொல்ல வந்த நேரம் பார்த்து. பாவம், சட்டையை முகர்ந்துகொண்டே போனார்.

மார்ச் 17
கடல். பன்னிரண்டு மீட்டரில் காது பூட்டிக்கொண்டது. இறங்கிய ஒவ்வொரு முறையும். "காதுல ஒண்ணுமில்ல, உங்களுக்குப் பயம்" என்றார் கோச்.

பயம்தான். ஆழத்தைப் பார்த்து இல்லை. உடம்பைத் தளர்த்து என்கிறார்கள். மேலே காத்திருப்பது அண்ணி என்றால் எந்த உடம்பு தளரும்? மூச்சை அடக்க அடக்க வயிறு வேறு விக்கல் எடுத்த மாதிரி துள்ளுகிறது. இருபது மீட்டர் தொட்டால்தான் தேர்ச்சி. தொடாமல் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 18
காது வலி. லீவு.

மார்ச் 24
அண்ணி இன்று இருபதைத் தொட்டார். பாதி வழி இறங்கி, எதிர்கொண்டு, கூடவே ஏறினேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றினார். கையைத் தூக்கினார். அப்படியே கண் சொருகிவிட்டது. உதடெல்லாம் நீலம். தலையைத் தாங்கிக்கொண்டு தட்டினேன், ஊதினேன். பேசணும் — ஐயோ, என்னத்த பேச? நாள் முழுக்க போன்ல பேசிப் பிழைக்கிறவளுக்கு ஒரு வார்த்தை வரல.

அப்புறம் கத்தினேன். "அண்ணி! மூச்சு எடுங்க! சண்டை போட எனக்கு வேற யாரு இருக்கா? மூச்சு எடுங்க அண்ணி!"

ஒரு இழுப்பு இழுத்தார். கண் திறந்தது.

"நீதான் முதல்ல பேசின" என்றார்.

படகில் ஏறி அப்படி அழுதேன். அண்ணி முதுகைத் தடவிக்கொடுத்தார். "தட்டினது கொஞ்சம் ஓவர்டி" என்றார்.

ஏப்ரல் 7
தேர்வு. பன்னிரண்டு மீட்டர் எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. இருபதில் கயிற்றின் அடிநுனியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், பாதி வழியில் அண்ணியின் முகம். நிம்மதியாக இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றி, கையால் சைகை காட்டி, "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு முன் வாய் திறந்தால் தேர்ச்சி இல்லை. நான் முகமூடியைக்கூடக் கழற்றாமல், "அண்ணி, கீழ ஒரு மீனு, அப்படியே உங்க தம்பி!" என்றேன்.

"உர்ருனு இருந்துச்சா?"

"ஆமாண்ணி!"

கோச் தலையில் கை வைத்துக்கொண்டு "பெயில்" என்றார். அவ்வளவுதான், அண்ணி மிதவையில் தொங்கியபடியே அவரோடு சண்டைக்குப் போய்விட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு இருபது தொட்டுட்டு வந்திருக்கா. பேசினா என்ன இப்ப? அவ பேசாம இருந்தாதாங்க நாம பயப்படணும்!"